தூங்கக் கூடாத நோயாளி

மயக்க மருந்து கொடுப்பதன் நோக்கம் என்ன என்று மாலை வகுப்புத் தேர்வில் ஒரு கேள்வி வந்தது. "நோயாளியைத் தூங்க வைப்பது" என்று எழுதினேன். பாதி மதிப்பெண்தான் கிடைத்தது. பகலில் ஆபரேஷன் தியேட்டரில் மயக்க டாக்டருக்கு உதவியாளர் வேலை, மாலையில் அதே வேலைக்கான படிப்பு என்று இரண்டு பக்கமும் ஓடிக்கொண்டிருந்த எனக்கு, மீதிப் பாதி எங்கே போனது என்று அப்போது விளங்கவில்லை. வேப் என்கிற மின்சிகரெட் விற்கும் கடைக்காரர் ஒருவர் எங்களிடம் வந்து சேர்ந்த பிறகுதான் கொஞ்சம் விளங்கியது. கொஞ்சம்தான். முழுவதும் விளங்கிவிட்டது என்று எழுதினால் மறுபடியும் பாதிதான் போடுவார்கள்.

கடைக்காரருக்கு முப்பது வயதுக்கு மேல் சொல்ல முடியாது. தொடை இடுக்கை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, கூனியபடி அவசரப் பிரிவுக்குள் நடந்து வந்தாராம். பின்னால் அவர் மனைவி ஒரு பெரிய பையுடன். குடல் கீழே இறங்கி மாட்டிக்கொண்டிருந்தது. ஹெர்னியா. அங்கிருந்த டாக்டர் படாத பாடுபட்டு அதை உள்ளே தள்ளி, அவரை எங்களிடம் அனுப்பினார். ஆனால் இருமினால் அது மறுபடியும் எட்டிப் பார்த்தது. கடைக்காரரோ இருமிக்கொண்டேதான் இருந்தார்.

அந்த இருமலுக்கு ஒரு கதை உண்டு. சில வாரங்களுக்கு முன் வேறொரு மருத்துவமனையில் மூச்சுத் திணறலோடு தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்திருக்கிறார். வேப் இழுத்ததால் நுரையீரலில் ஏற்பட்ட காயம் என்று எழுதி, ஸ்டீராய்டு மாத்திரைகளோடு வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். உயிர் பிழைத்துவிட்டார். இருமல் மட்டும் நிற்கவில்லை. அந்த இருமல் முக்கி முக்கித்தான் குடலைக் கீழே தள்ளியிருக்க வேண்டும் என்றார் மயக்க டாக்டர்.

மயக்க டாக்டர் குள்ளமானவர். குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. நாங்கள் அவரை மேடம் என்போம். கடைக்காரரின் ஸ்கேன் படத்தை விளக்குப் பலகையில் மாட்டி வெகுநேரம் பார்த்தார். கறுப்பாக இருக்க வேண்டிய நுரையீரல், யாரோ வாயால் ஊதிப் பனி படியவைத்த கண்ணாடி போல மங்கலாக இருந்தது.

"காத்திருந்தா இது இன்னும் தெளியும். ஆனா குடல் காத்திருக்காதே" என்றார். பிறகு கடைக்காரர் பக்கம் திரும்பினார். "எவ்ளோ நாளா இழுக்கிறீங்க?"

"கடை ஆரம்பிச்சதுல இருந்து மேடம். ஆனா நான் பழக்கத்துக்கு இழுக்கறதில்ல. தொழிலுக்கு."

"தொழிலுக்குன்னா?"

"டெஸ்டிங். புதுசா எந்தச் சரக்கு வந்தாலும் கஸ்டமருக்குக் குடுக்கறதுக்கு முன்னாடி நானே இழுத்துப் பாத்துடுவேன். கெட்டதைக் குடுத்து ஒருத்தருக்கு ஏதாவது ஆயிடுச்சுன்னா? மனசாட்சின்னு ஒண்ணு இருக்கில்ல?"

"மனசாட்சி நல்லா திடமா இருக்கு டாக்டர்" என்றார் அவர் மனைவி. "நெஞ்சுதான் போயிடுச்சு."

மேடம் சிரிக்கவில்லை. நான்தான் சிரித்துவிட்டு, சிரித்திருக்கக் கூடாதோ என்று பேனாவைக் கீழே போட்டு எடுத்தேன்.

தூங்க வைத்துச் செய்யப்போவதில்லை என்று மேடம் விளக்கினார். தூங்க வைத்தால் தொண்டை வழியாகக் குழாய் போட வேண்டும். இயந்திரம் காற்றை உள்ளே தள்ளும். புண்பட்ட நுரையீரல் அதைத் தாங்காமல் கிழியலாம், இறுகிக்கொள்ளலாம். ஆபரேஷன் முடிந்த பிறகு குழாயை எடுக்க முடியாமலே போகலாம். அதனால் முதுகில் ஒரு ஊசி. இடுப்புக்குக் கீழே மரத்துப்போகும். மூச்சை அவரே விட்டுக்கொள்வார்.

"அப்ப நான் முழிச்சிட்டே இருக்கணுமா?"

"ஆமா. வலிக்காது. நடுவுல ஒரு திரை கட்டிடுவோம், எதுவும் தெரியாது."

"பேசலாமா?"

"தாராளமா."

"அய்யய்யோ" என்றார் மனைவி. "அதை மட்டும் சொல்லாதீங்க டாக்டர். அப்புறம் உங்களுக்குத்தான் மயக்கம் வரும்."

ஆபரேஷன் செய்யவேண்டிய சர்ஜனைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் மருத்துவமனையில் அவருக்குப் பெயர் "நோ ஸ்மோக்கிங் சார்." அவர் அறைச் சுவரில் கருகிப்போன நுரையீரலின் படம் ஒன்று பெரிதாகத் தொங்கும். நோயாளி நாற்காலியில் உட்கார்ந்தால் படம் நேர் எதிரே இருக்கும்படி மாட்டியிருப்பார். நோயாளியின் சட்டையை மோந்து பார்ப்பார். கூட வந்தவர் சட்டையையும் விடமாட்டார். ஒருவர் ஒரே ஒரு சிகரெட் குடித்ததாக ஒப்புக்கொண்டதற்காக, தேதி குறித்திருந்த ஆபரேஷனைத் தள்ளி வைத்தவர் அவர். வேப் கடைக்காரர் இவரிடம் வந்து மாட்டினாரே, அந்த ஆளை வறுத்து எடுக்கப்போகிறார் என்று வார்டில் எல்லோரும் காது கொடுத்துக் காத்திருந்தோம்.

அவர் வந்தார். முகக்கவசம், தொப்பி எல்லாம் போட்டுக்கொண்டே வார்டுக்கு வந்தார். கடைக்காரர் வலியில் கண்களை மூடியிருந்தார். சர்ஜன் ஒரு வார்த்தை பேசாமல் இடுக்கை அழுத்திப் பார்த்தார், தலையாட்டினார், போய்விட்டார். நுரையீரல் கெட்டவருக்குத் தன் மூச்சால்கூட எதுவும் தொற்றிவிடக் கூடாது என்ற அக்கறை என்று நான் எடுத்துக்கொண்டேன். எனக்கு யாரைப் பற்றியும் முதலில் நல்லதாகத்தான் தோன்றும். பிறகு திருத்திக்கொள்ள நேரமாகும்.

டாக்டர்கள் அறையில் அவருக்கும் மேடத்துக்கும் நடந்த பேச்சை, மருந்துத் தட்டை வைத்துக்கொண்டு கதவருகே நின்றபடி கேட்டேன். ஒட்டுக்கேட்கவில்லை. தட்டை எங்கே வைப்பது என்று யாரும் சொல்லவில்லை.

"முழு மயக்கமே குடுத்துடுங்க மேடம். லாப்ராஸ்கோப் போட்டா மூணு சின்ன ஓட்டை, வேலை முடிஞ்சுது."

"வயித்துல கேஸ் ஏத்துவீங்க. அது நுரையீரலை மேல தள்ளும். ஸ்கேன் பாத்தீங்களா சார்?"

"பாத்தேன். சின்ன வயசுதானே, தாங்குவான்."

"ஒரு சிகரெட் குடிச்ச ஆளையே வீட்டுக்கு அனுப்பினவர் நீங்க. இவருக்கு மட்டும் ஏன் சார் இவ்ளோ தாராளம்?"

"சிகரெட் வேற, இது வேற மேடம். இதுல புகையே கிடையாது. வெறும் ஆவி."

"அந்த ஆவிதான் ஸ்கேன்ல வெள்ளையா உக்காந்திருக்கு."

சர்ஜன் தொண்டையைச் செருமினார். அது ஒரு சின்ன இருமலாகி முடிந்தது. மேடம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரி, முதுகுலயே போடுங்க. ஆனா கூடவே ஒரு தூக்க ஊசியும் போட்டுடுங்க. முழிச்சிருக்கிற ஆள் தொணதொணன்னு பேசிட்டு இருந்தா எனக்குக் கை ஓடாது."

"தூக்க ஊசி போட்டா மூச்சு குறையும். குறைஞ்சா குழாய். குழாய் போட்டா எப்ப எடுப்பேன்னு என்னால சொல்ல முடியாது. உங்க கை ஓடணுமா, அவர் மூச்சு ஓடணுமா?"

இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருப்பதாக எனக்குப் பட்டது. யார் வாதாடினாலும் எனக்கு அப்படித்தான் படும். ஆனாலும் ஒன்று உறுத்தியது. எப்போதும் நோயாளியை விழிக்க வைத்து அறிவுரை சொல்லும் மனிதர், இந்த ஒருவரை மட்டும் ஏன் எப்படியாவது தூங்க வைக்கப் பார்க்கிறார்?

மறுநாள் காலை தியேட்டரில் எல்லாவற்றையும் எடுத்து வைத்தேன். வைத்ததைச் சரிபார்த்தேன். சரிபார்த்தோமா என்ற சந்தேகத்தில் மறுபடியும் சரிபார்த்தேன். ஆக்ஸிஜன், சளி உறிஞ்சும் குழாய், இத்தனை நாள் ஸ்டீராய்டு சாப்பிட்ட உடம்பு ஆபரேஷன் அதிர்ச்சியில் துவண்டுவிடாமல் இருக்க அதே மருந்து ஊசியாக. கடைசியாக, தொண்டைக்குள் போடும் குழாய். அதை உறையோடு மேசை ஓரத்தில் வைத்தேன். "பிரிக்காதே. ஆனா கைக்கெட்டற தூரத்துல இருக்கட்டும்" என்றார் மேடம்.

கடைக்காரர் மேசையில் உட்கார்ந்து தலையணையைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். நான் முன்னால் நின்று தோள்களைப் பிடித்துக்கொண்டேன்.

"அசையக் கூடாது. இருமல் வந்தா முன்னாடியே சொல்லணும்" என்றார் மேடம்.

"சரி மேடம்... வருது."

"ஊசி இன்னும் உள்ள போகல. இருமிக்கோங்க."

இருமினார். "போயிடுச்சு."

"குத்தறேன்."

"வருது மேடம்."

"வெளிய எடுத்துட்டேன். இருமுங்க."

"இப்ப வரல. பயத்துல சொல்லிட்டேன்."

"நீங்க கடையில கஸ்டமரையும் இப்படித்தான் வெச்சு செய்வீங்களா?" என்றார் மேடம், குரல் மாறாமல். கடைக்காரர் சிரித்தார். அந்தச் சிரிப்பு அடங்கிய நொடியில் ஊசி உள்ளே போய்விட்டது. கால்கள் சூடாகின்றன என்றார், பிறகு கால்களே இல்லை என்றார். தலைப்பக்கத்தைச் சற்று உயர்த்திப் படுக்க வைத்தோம். முகத்தில் ஆக்ஸிஜன் மாஸ்க், விரலில் கிளிப், நெஞ்சுக்கு மேலே பச்சைத் திரை.

மேடம் என்னைக் குனியச் சொல்லிக் காதில் சொன்னார். "மானிட்டர் நான் பாத்துக்கறேன். நீ அவர் பேச்சைக் கவனி. பேசறவன் மூச்சு விடறான்னு அர்த்தம். பேச்சு நின்னா என்கிட்ட சொல்லு."

அதாவது, என் வேலை அவரைப் பேச வைப்பது. இப்படி ஒரு பாடம் எங்கள் புத்தகத்தில் இல்லை.

சர்ஜன் வந்தார். முகக்கவசத்தின் மேல் இன்னொரு முகக்கவசம். தொப்பி புருவம் வரை. வழக்கமாகக் கத்தியை வாங்கும்போதே உரக்கப் பாடம் எடுக்கத் தொடங்குகிறவர், அன்று நர்ஸிடம் கையை நீட்டிச் சைகையிலேயே கேட்டார். தொண்டை சரியில்லை போலும் என்று நினைத்தேன். முந்தின நாள் இருமினாரே.

"கடையில நிறைய பேர் வருவாங்களாண்ணே?" என்று தொடங்கிவைத்தேன்.

அவ்வளவுதான். மடை திறந்துவிட்டது.

"வருவாங்க தங்கச்சி. யார் பேரும் எனக்குத் தெரியாது. யாரும் சொல்றதில்ல. அவங்க வாங்கற ஃப்ளேவரை வெச்சு நானே பேர் வெச்சிடுவேன். ஸ்ட்ராபெர்ரி அக்கா, மாம்பழ வாத்தியார், காபி மாப்பிள்ளை. மாம்பழ வாத்தியார் பசங்க யாராவது தெருவுல இருக்காங்களான்னு பாத்துட்டுத்தான் உள்ள நுழைவார். பசங்க பின்வாசல் வழியா ஏற்கெனவே உள்ள இருப்பாங்க."

நர்ஸ் சிரித்தார். திரைக்கு அந்தப் பக்கம் கத்தரி சீராக ஓடிக்கொண்டிருந்தது. மானிட்டரில் ரத்த ஆக்ஸிஜன் எண் தொண்ணூற்று ஐந்து. மேடம் எனக்குத் தலையாட்டினார். நடக்கட்டும் என்று அர்த்தம்.

"இதுல புதினா சார்னு ஒருத்தர். அக்கவுண்டன்ட். பெரிய தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமா வருவார். ரொம்ப மரியாதை. ஆனா ஒவ்வொரு தடவையும் ஒரே புகார். இன்னும் கொஞ்சம் காரமா இருக்கலாம் தம்பி, இன்னும் கொஞ்சம் காரமா இருக்கலாம் தம்பின்னு. நல்ல கஸ்டமர் கேக்கறாரேன்னு புது ஆள் ஒருத்தன்கிட்ட அவருக்குன்னே ஸ்பெஷலா ஒரு புதினா சரக்கு சொல்லி வாங்கினேன்."

"ம்."

"வந்துது. எண்ணெய் மாதிரி கெட்டியா இருந்துது. எனக்குச் சந்தேகம். ஒரு இழுப்புல தெரியல. சரி, நல்லா பாத்துடுவோம்னு மத்தியானம் பூரா உக்காந்து இழுத்தேன். அந்த வாரமே படுத்துட்டேன் தங்கச்சி. படுக்கறதுக்கு முன்னாடி அத்தனையும் கொட்டிட்டேன். ஒரு சொட்டு அவருக்குப் போகல. நல்லவேளை, நான் டெஸ்ட் பண்ணேன். இல்லேன்னா பாவம், அந்த மனுஷன் இங்க படுத்திருப்பார்."

கத்தரிச் சத்தம் நின்றது.

"சார்?" என்றார் நர்ஸ். சர்ஜன் கையில் கருவி அப்படியே இருந்தது. கண்கள் மட்டும் திரைக்கு மேலே கடைக்காரரின் நெற்றியைப் பார்த்துக்கொண்டிருந்தன. "சார், நூல்" என்று நர்ஸ் மறுபடியும் சொன்ன பிறகுதான் கை அசைந்தது.

அதைப் பார்த்துக்கொண்டிருந்ததில் என் வேலையை மறந்துவிட்டேன். கடைக்காரர் பேச்சை நிறுத்தியிருந்தார்.

"மேடம், பேச்சு நின்னுடுச்சு" என்றேன்.

"நெஞ்சு மேல யாரோ உக்காந்த மாதிரி இருக்கு" என்றார் கடைக்காரர், மாஸ்க்குக்குள். "மூச்சு வரல. எனக்கு மூச்சு வரல. அன்னைக்கும் இப்படித்தான் இருந்துது."

வேகவேகமாக மூச்சு வாங்கினார். இருமல் தொடங்கியது. மாஸ்க்கைப் பிடுங்கப் பார்த்தார். நான் கையைப் பிடித்துக்கொண்டேன். தொண்ணூற்று இரண்டு. தொண்ணூறு. ஒவ்வொரு இருமலுக்கும் திரைக்கு அந்தப் பக்கம் சர்ஜன் இரண்டு விரல்களால் எதையோ உள்ளே அமுக்கிப் பிடித்தார்.

"மேடம், குடல் வெளிய வருது. தூங்க வையுங்க."

மேடம் கடைக்காரரின் உள்ளங்கையில் தன் விரல்களை வைத்தார். "அழுத்துங்க. நல்லா." அவர் அழுத்தினார். மேடத்தின் விரல்கள் வெளுத்தன. "மருந்து ரொம்ப மேல ஏறல. கை நல்லா வேலை செய்யுது. நெஞ்சு லேசா மரத்திருக்கு, அதனால மூச்சு போறது தெரியல. இது பயம்."

"பயமோ என்னமோ, இப்படி இருமினா என்னால தைக்க முடியாது."

"தெரியும் சார். குழாய் போட்டுடுவேன். போடறது என் கையில. எடுக்கறது அந்த நுரையீரல் கையில." பிறகு என்னைப் பார்த்தார். "உறையைப் பிரி."

எண்பத்தெட்டு. உறையைக் கிழித்தேன். குழாயை மேடத்திடம் நீட்டினேன்.

அப்போது திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. சர்ஜனின் குரல்தான். ஆனால் நாங்கள் கேட்டுப் பழகிய குரல் இல்லை. அதட்டல் இல்லாத, கடைத்தெருவில் விலை கேட்கும் குரல்.

"தம்பி. இன்னும் கொஞ்சம் காரமா இருக்கலாம்."

கடைக்காரரின் இருமல் பாதியில் நின்றது. "யாரு?"

"நான்தான். புதினா."

"புதினா சாரா? நீங்க அக்கவுண்டன்ட் ஆச்சே?"

"இல்ல. இப்ப நான் சொல்றதைச் செய். ஒரு நல்ல சரக்கு வந்திருக்குன்னு வெச்சுக்கோ. எப்படி இழுத்துப் பாப்ப? மெதுவா, நீளமா. ம், இழு. அவசரப்படாத. அப்படியே கொஞ்சம் நிறுத்து. இப்ப விடு. ருசி தெரியணும்ல? மறுபடி."

கடைக்காரர் இழுத்தார். நிறுத்தினார். விட்டார். தொழில் தெரிந்தவர் அல்லவா, எவ்வளவு அழகாகச் செய்தார்! மாஸ்க்கில் பனி படர்ந்து மறைந்தது. மேடம் குழாயைக் கையில் பிடித்தபடியே மானிட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். எண்பத்தொன்பது. தொண்ணூற்று ஒன்று. வேப் இழுத்து நொந்த நுரையீரலை, வேப் இழுக்கும் முறையிலேயே மீட்டுக்கொண்டிருந்தார் எங்கள் நோ ஸ்மோக்கிங் சார்.

"எப்படி இருக்கு?" என்றார் சர்ஜன், தைத்துக்கொண்டே.

"ஃப்ளேவரே இல்ல சார்."

"அதான் நல்ல சரக்கு. இன்னும் இழு."

கடைசித் தையல் வரை அந்த இருவரும் அப்படியே பேசிக்கொண்டிருந்தார்கள். தொண்ணூற்று நான்கு வந்ததும் மேடம் குழாயை என்னிடம் திருப்பிக் கொடுத்தார். பிரித்த குழாயைத் திரும்ப வைக்க முடியாது. குப்பைத்தொட்டியில் போட்டேன். ஒரு பொருளை வீணாக்கிவிட்டு அவ்வளவு மகிழ்ந்தது அதுதான் முதல் முறை.

வெளியே கை கழுவும் இடத்தில் மேடம் சர்ஜனுக்குப் பக்கத்துக் குழாயைத் திறந்தார். நான் பின்னால் துணிக்கூடையருகே நின்றேன்.

"நல்லா நடிச்சீங்க சார்" என்றார் மேடம்.

சர்ஜன் சோப்பு நுரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "எப்படியாவது அமைதிப்படுத்தணுமே."

"அந்தச் சின்ன இருமலை நான் கொஞ்ச நாளாவே கேட்டுட்டுதான் இருக்கேன். இதுக்குத்தான் அவரைத் தூங்க வைக்கச் சொன்னீங்களா?"

சர்ஜன் குழாயை மூடினார். "சிகரெட்டை விட்டப்ப வேப் இழுக்க ஆரம்பிச்சேன்" என்றார் அவர். "அது வேற, இது வேறன்னு நினைச்சேன். என் குரலைக் கேட்டா கண்டுபிடிச்சிடுவான்னு பயம்."

"உங்களுக்கும் ஒரு ஸ்கேன் எழுதித் தரட்டுமா?"

அவர் கையைத் துடைத்துக்கொண்டு போனார்.

மறுநாள் மேடத்தோடு வார்டுக்குப் போனேன். மருத்துவமனை முழுவதும் செய்தி பரவியிருந்தது. ஆனால் நான் பயந்த செய்தி அல்ல. பயந்துபோன நோயாளியை அமைதிப்படுத்த, தன்னையே ஒரு வேப் அடிமையாக நடித்துக் காட்டினாராம் நோ ஸ்மோக்கிங் சார். இப்படி ஒரு மனிதர் உண்டா! லிஃப்டில் இரண்டு நர்ஸுகள் கண் கலங்கிப் பேசிக்கொண்டு வந்தார்கள்.

கிளப்பிவிட்டது கடைக்காரர்தான். தலையணையில் சாய்ந்து, பக்கத்துக் கட்டில்காரருக்கும் சேர்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"புதினா சார் கதையை நான்தானே உளறினேன்? அதைக் கேட்டுட்டு அப்படியே பிடிச்சுக்கிட்டார் பாருங்க. குரல்கூட கொஞ்சம் ஒத்துப்போச்சு. அந்த நேரத்துல நான் நம்பிட்டேன். அப்புறம் யோசிச்சா சிரிப்பு வருது. இவ்ளோ பெரிய டாக்டர் நம்ம கடைக்கு வருவாரா?"

அவர் விரலில் கிளிப்பை மாட்டினேன். அப்போது சர்ஜன் உள்ளே வந்தார். இன்று முகக்கவசம் இல்லை. பக்கத்துக் கட்டில்காரர் எழுந்து கும்பிட்டார். சர்ஜன் கட்டைப் பிரித்துப் பார்த்தார், நன்றாக இருக்கிறது என்றார், பாராட்டுக்கெல்லாம் தலையை மட்டும் அசைத்தார். அப்படியே போயிருக்கலாம். கதவு வரை போயும் விட்டார்.

"எப்ப சார் வீட்டுக்கு விடுவீங்க?" என்றார் கடைக்காரர். "வேலை கிடக்கு. நிஜ புதினா சாருக்குச் சொன்ன சரக்கு இன்னும் பாக்கி. வேற ஆள்கிட்ட சொல்லி, புதுசா ஒரு பாட்டில் வீட்டுக்கு வந்து கிடக்கு. போனதும் இழுத்துப் பாத்து அவருக்கு எடுத்து வைக்கணும். வாக்கு குடுத்திருக்கேன்."

மேடம் சர்ஜனைப் பார்த்தார்.

சர்ஜன் திரும்பி வந்தார். "அதை இழுக்காத."

"லேசாத்தான் சார். ரெண்டே இழுப்பு."

"அந்த ஆளுக்கு வேண்டாம். அவரே சொல்றார். நான்தான்யா அது."

கடைக்காரர் சிரித்தார். சிரிப்பு இருமலாகத் திரும்பியது, தையல்மேல் கையை வைத்து அழுத்திக்கொண்டார். "போதும் சார், இப்ப பயம் இல்ல. நடிக்க வேண்டாம்."

"நடிக்கல."

"அவர் தொப்பி போட்டிருப்பார் சார்."

பக்கத்துக் கட்டில்காரரும் சிரித்தார். சர்ஜனின் காது மடல்கள் சிவந்தன. வெள்ளைக் கோட்டின் உள்பையில் கைவிட்டார். ஒரு சின்னக் கருவியை எடுத்துக் கட்டிலோரத்து மேசையில், மாத்திரைகளுக்குப் பக்கத்தில் வைத்தார். வாய் வைக்கும் இடத்தில் வெள்ளை பிளாஸ்திரி சுற்றியிருந்தது. புதினா வாசனை வார்டில் பரவியது.

கடைக்காரர் அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது நான் வித்தது" என்றார் மெதுவாக. "இந்த பிளாஸ்திரி... ஒரு அக்கவுண்டன்ட்டுக்கு இவ்ளோ நல்ல பிளாஸ்திரி எங்க கிடைக்குதுன்னு அப்பவே நினைச்சேன்." பிறகு முகம் சுருங்கியது. "என்ன சார் இது? உள்ள சூடாகற கம்பிக் காயிலை மாத்தவே இல்லியே. கருகிப்போயிருக்கு. இதை வெச்சு இழுத்தா இருமல் வராம என்ன பண்ணும்?"

"வருது" என்றார் நோ ஸ்மோக்கிங் சார்.

பக்கத்துக் கட்டில்காரர் கும்பிட்ட கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் போர்வைக்குள் வைத்துக்கொண்டார்.

"உன் நெஞ்சு போனது என்னால" என்றார் சர்ஜன். "இன்னொரு தடவை என்னால போக வேண்டாம். அந்த பாட்டிலைத் தொடாத. கொட்டிடு."

பையில் துணிகளை மடித்து வைத்துக்கொண்டிருந்த மனைவி தலை நிமிர்ந்தார்.

"அந்த பச்சை பாட்டில்தானே டாக்டர்? அதை இவர் இங்க வந்து படுத்த அன்னைக்கே பாத்ரூம்ல ஊத்திட்டேனே. நீங்க என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

சர்ஜன் மேசைமேல் இருந்த கருவியைப் பார்த்தார். மேடம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள்கள் லேசாகக் குலுங்கின.

கடைக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். "ஊத்திட்டியா? யாரைக் கேட்டு ஊத்தின? ஆர்டர் குடுத்த மனுஷன் முன்னாடி நிக்கறார், அவர் வேண்டாம்னு சொல்றதுக்கு முன்னாடியே ஊத்திட்டேன்னு சொல்ற! அவர் வேண்டாம்னு இப்பதானே சொன்னார்? அவர் வேணும்னு சொல்லியிருந்தா நான் மூஞ்சியை எங்க கொண்டு போய் வெச்சுக்கறது? தொழில்னா உனக்கு விளையாட்டா இருக்கா? நாளைக்கு ஸ்ட்ராபெர்ரி அக்கா வந்து கேட்டா என்ன சொல்லுவ, அதையும் ஊத்திட்டேன்னு சொல்லுவியா?"

"அதையும் ஊத்தியாச்சு" என்றார் மனைவி.

அவ்வளவையும் கடைக்காரர் ஒரே மூச்சில் கத்தியிருந்தார். நடுவில் ஒரு இருமல்கூட இல்லை. மானிட்டரைப் பார்த்தேன். தொண்ணூற்று ஆறு. நம்ப முடியாமல் கிளிப்பைக் கழற்றி, அவர் விரலைத் துடைத்து, மறுபடியும் மாட்டினேன். அதே எண்தான் வந்தது.